பல்லுக்கு ஊற்றிய விளக்கெண்ணெய்

போன வாரம் என் பேரன் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தான். வயிற்றில் பூச்சி என்று சம்பந்தியம்மாள் விளக்கெண்ணெயும் கரண்டியுமாக வந்து நின்றார். கரண்டியைப் பிடுங்கி வாசலில் எறிந்தேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன்தான் நான். ஆனால் போடியில் சொந்தமாக மூன்று ஜீப்பும் ஏலக்காய்க் கடையும் வைத்திருப்பவன். என் வீட்டில் அந்த எண்ணெய் எந்தப் பிள்ளையின் தொண்டையிலும் இறங்காது.

எனக்கு அப்போது எட்டு வயது. மலையில் மரக்கிளை விழுந்து கால் முறிந்த அப்பா கட்டிலில் கிடந்தார். ஒற்றை அறை வீடு. நானும் அம்மாவும் ஒரே பாயில் படுப்போம். ராத்திரி பாய்ப் பக்கமிருந்து பல் கடிக்கும் சத்தம் வருகிறது என்றார் எங்கள் திண்ணையில் படுக்கும் பெரியப்பா. பாயில் ஒரு பிள்ளை கிடக்கும்போது குற்றவாளியை வேறு எங்கே தேடுவார்கள்? ஞாயிறுதோறும் என் மூக்கைப் பிடித்து எண்ணெய் ஊற்றினார். பூச்சியும் விழவில்லை, சத்தமும் நிற்கவில்லை.

“பல்லைக் கடிக்கிற பிள்ளை இருந்தா அப்பன் எந்திரிக்க மாட்டான். தீவாளிக்கு முன்னாடி தேவாரம் ஊர்ல அத்தை வீட்ல கொண்டுபோய் விட்ருங்க” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். அதுவரை அப்பாவின் அருகிலேயே போகக் கூடாதாம். காலாண்டு லீவாக இருந்ததால் அம்மா என்னைத் தன்னோடு ஏலத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார்.

பெரியப்பாதான் அங்கே கங்காணி. ஜீப்பில் ஆள் ஏற்றுவதும் தோட்டத்தில் வேலை வாங்குவதும் அவரே. அன்று முழுக்க அம்மாவைத்தான் வறுத்தெடுத்தார். “பிஞ்சையும் சேத்து உருவுற. புருசன் படுத்துக் கெடக்கான், நீ நின்னுக்கிட்டே தூங்குறியா? வெரசா எடு.” அம்மா தலையைக் குனிந்து இன்னும் வேகமாகக் காய் எடுத்தார்.

சாயங்காலம் போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் ஜீப்பு நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். சட்டென்று அமைதி. அதில் நறநறவென்று அந்தச் சத்தம்.

“பாத்தீகளா, பகல்லயும் கடிக்கிறான்” என்று முன்சீட்டிலிருந்து பெரியப்பா கையை ஓங்கினார்.

நான் வாயை ஆவென்று திறந்து காட்டினேன். சத்தம் நிற்கவில்லை. என் தோளில் சாய்ந்து அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

எதிர் சீட்டில் இருந்த தோட்டத்து அக்கா ஒருவர் கேட்டார்: “ஏண்ணே, அந்த எண்ணெயை இப்ப தம்பி பொண்டாட்டிக்கு ஊத்துவீகளா?”

ஜீப்பே சிரித்தது. பெரியப்பா ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். என்னைத் தேவாரத்துக்கு அனுப்பும் பேச்சு அதோடு நின்றது. என்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னாரா? சாகும்வரை சொல்லவில்லை.

பேரனைப் பல் டாக்டரிடம் காட்டினேன். பிள்ளைகள் கடிப்பது பெரும்பாலும் தானாக நின்றுவிடும், பூச்சியின் மேல் பழி போட வேண்டாம் என்றார். பெரியவர்கள் கடித்தால் என்று கேட்டேன். அடக்கி வைத்த கவலையும் கோபமும்கூடக் காரணமாகலாம். பல் தேயும், சூடு பட்டால் கூசும், தாடை வலிக்கும் என்றார். அம்மா டீயை ஆறவைத்துத்தான் குடிப்பார். முறுக்கு வாங்கினால் முழுதும் எனக்கே. அதைப் பாசம் என்று மட்டுமே நினைத்திருந்தேன்.

அன்று ஜீப்பே சிரித்ததற்கு மறுநாள் காலையும் தோட்டத்தில் பெரியப்பா அவரைத் திட்டினார். “சரிங்க” என்றார் அம்மா. அவர் கன்னத்துக்குள் என்னவோ இறுகி அசைந்தது. ஏலக்காய் மெல்லுகிறார் என்று எண்ணி நான் கையை நீட்டினேன்.

“எனக்கும் ஒண்ணு குடு ஆத்தா.”