முழங்கைத் தூண்டில்

ஞாயிற்றுக்கிழமை, காலை 7.40. பெரம்பூர் ஸ்டேஷன்.

காசிக்கும் காஷ்மீருக்கும் போய்வந்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது பெரம்பூரிலிருந்து ஆவடிக்குப் போன கதையை. சிரிக்க வேண்டாம். மின்சார ரயிலில் அரைமணி நேரம்தான். ஆனால் என் வீட்டுக்காரரைக் கிளப்பி அந்த ரயிலில் ஏற்ற எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டியவர். ஞாயிறு வந்தால் விடிவதற்குள் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ரெட்டேரிப் பக்கம் போய்விடுவார்; பொழுது சாய்ந்துதான் தலை தெரியும். பக்கவாதம் வந்தது. நடை திரும்பியது, பேச்சு திரும்பியது, வலது கை விரல்கள் மட்டும் மடங்கவே இல்லை; தோளும் முழங்கையும் அசையும், ஆனாலும் அந்தக் கையை இடது கையால்தான் எடுத்து வைப்பார். இருந்த தூண்டில்களை எல்லாம் தெருவில் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தவர்தான். காய் வாங்கக்கூடத் தனியாகப் போவதில்லை. எனக்கு மீன் வேண்டாம் சாமி, மீன் மார்க்கெட்டில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை இந்த மனுஷன் முன்போல வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது.

பிசியோதெரபி பார்க்கும் பெண்தான் ஆவடி டில்லியின் நம்பரைக் கொடுத்தாள். டில்லி தானே தூண்டில் கட்டுகிறவர், அவரைப் போல இன்னும் சிலர் ஞாயிறுதோறும் அவர் வீட்டில் கூடிக் கட்டுகிறார்கள் என்றாள். எனக்கு விளங்கவில்லை. கடை கடையாகத் தூண்டில் தொங்குகிறது. தோசை மாவையே பாக்கெட்டில் வாங்கும் காலத்தில் இதை எதற்கு உட்கார்ந்து கட்டுகிறார்கள்? கேட்டுவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

வில்லிவாக்கம், கொரட்டூர். ரயில் பட்டரவாக்கத்தை நெருங்கும்போது வீடுகளுக்கு இடையில் ஏரித் தண்ணீர் பளிச்சென்று தெரிந்து மறைந்தது. "தோ, ஏரி" என்றேன். "பாத்துக்கினுதான் கீறேன்" என்றார், திரும்பாமலே. வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அம்பத்தூரில் பாதி ரயில் காலியானது.

காலை 8.20. ஆவடி.

ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ. பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் போக ஆளுக்கு இருபது ரூபாய். விலாசம் சொல்ல ஆரம்பித்தேன், டிரைவர் என்னை முடிக்க விடவில்லை.

"தூண்டில் டில்லி ஊடா? குந்துங்கக்கா. நம்மகிட்டயும் ஒண்ணு கீது, அவரு ஊட்ல கட்னது" என்று சீட்டுக்கு அடியில் கையைவிட்டு, சப்பாத்திக் கட்டை நீளத்தில் ஒரு பையை உருவிக் காட்டினார். உள்ளே துண்டு துண்டாகத் தூண்டில். "சவாரி இல்லாத நேரத்துல ஏரிக்கரைல ஓரங்கட்டிட்டுப் போடுவேன். கடைல விக்கிறது சீட்டுக்கு அடில போவாது. அதான்."

என் கேள்விக்கு முதல் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. சீட்டுக்கு அடியில் போகாது, அதனால் கட்டினார். இவ்வளவு சின்னக் காரணமா என்று நினைத்துக்கொண்டேன்.

டில்லியின் வீட்டில் மாடிப்படிக்குக் கீழேதான் பட்டறை. அவருக்கு நாற்பது வயது இருக்கும், திருமழிசையில் ஒரு கம்பெனியில் வேலை. சுவரில் கறுப்புக் கம்புகள் சாய்ந்திருந்தன. அவை உள்ளே கூடாக இருக்கும் வெறும் கம்புகள். அதற்குக் கைப்பிடி வைத்து, நரம்பு என்று தூண்டில்காரர்கள் சொல்லும் நைலான் இழை ஓடுவதற்கு வளையங்களை நூலால் சுற்றிக் கட்டி, மேலே பசை பூசிக் காயவைத்தால் தூண்டில். பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பெயர் தேன்மொழி. அவள் கணவருக்குப் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள், சொந்த ஊர் வள்ளியூர்.

உட்கார்ந்த கையோடு கேட்டேன். டில்லி சிரித்தார்.

"எட்டடிக் கம்பு வாங்கினேன்க்கா. பஸ்ல ஏறுனா கண்டக்டரு, 'யோவ், கொடி நடப் போறியா, எறங்கு'ன்றாரு. ஊட்டுக்கு வந்து ஆக்சா பிளேடு போட்டு நாலா அறுத்துட்டேன். அப்பால ஒட்டுனா நிக்கல. முட்டாப் பையன் வேலை. அத்த சரி பண்ணப் போயித்தான் இதெல்லாம் கத்துக்கினேன்."

தேன்மொழி தலை நிமிராமல் சொன்னாள். "எனக்கு உயரம் பத்தாதுல்லா அக்கா. கடையில உள்ளதெல்லாம் ஆறடி ஆம்பளைக்குன்னு செஞ்சது. சுருட்டும்போது அடிக்கட்டை விலாவுல வந்து குத்தும். எங்க வீட்டுல அவுக, 'உனக்கு எதுக்கு தூண்டி'ன்னாவ. எனக்கு எதுக்குன்னு எனக்குத் தெரியும், கம்புக்குத்தான் தெரியலன்னு சொன்னேன்."

என் வீட்டுக்காரர் சுவரில் இருந்த கம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டில்லி உள்ளே போய் ஒரு முழுத் தூண்டிலைக் கொண்டுவந்தார். அதில் புத்தம்புது நரம்பு, பளபளவென்று இறுக்கிச் சுற்றியிருந்தது. "தோ அண்ணாத்தே, அக்கா ஃபோன்ல சொன்னாங்க. நரம்பு நேத்தே ஏத்தி வெச்சிட்டேன். இத்த ஓட்டிப் பாருங்க, அப்பால உங்க கம்புக்கு மாத்திக்கலாம். புடிங்க" என்று என் வீட்டுக்காரரின் வலது கையில் கொடுத்தார்.

விரல் மடங்காத கை எதைப் பிடிக்கும்? தூண்டில் நழுவிப் படிக்கட்டில் இடித்துக் கீழே விழுந்தது. அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "மல்லி, போலாம்" என்று எழுந்துவிட்டார்.  இன்று இப்படித் திரும்பினால் இந்த ஜென்மத்தில் இவரை மறுபடி ரயிலேற்ற முடியாது என்று தெரியும்.

"ஏம்பா, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அவருக்கு நரம்பு போச்சுன்னு" என்று டில்லியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமாக்கா, நரம்பு போச்சுன்னீங்க. நாப்பது ரூபா நரம்பு, இதுக்கா இவ்ளோ பேஜார்னுதான் நான் ஏத்தி வெச்சேன்."

"அய்யோ, அந்த நரம்பு இல்லப்பா. இந்த நரம்பு" என்று என் வீட்டுக்காரரின் முழங்கையைத் தொட்டுக் காட்டினேன்.

டில்லியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தேன்மொழி நூலை விட்டுவிட்டாள், சுற்றியதெல்லாம் அவிழ்ந்துகொண்டது. ஆவடியில் தூண்டில்காரரிடம் போய் நரம்பு என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும்? தப்பு என் மேல்தான். 

பிறகு ஒரு சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. "நாப்பது ரூபாக்கு கிடைச்சா எனக்கும் ரெண்டு மீட்டர் குடு நைனா. இந்த டாக்டருங்க யாரும் சொல்லவே இல்லியே" என்றார். அதற்குப் பிறகு எங்களுக்கும் அடக்க முடியவில்லை. அவர் மறுபடி உட்கார்ந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சரி, மடங்காத விரலால் எப்படிப் பிடிப்பது? விரலை விட்டுவிடலாம், முழங்கை பிடிக்கட்டும் என்றாள் தேன்மொழி. கைப்பிடியை நீட்டி, முன்கையோடு ஒட்டி ஓடும்படி வைத்துப் பட்டையால் கட்டிவிட்டால் பாரத்தை முழங்கை தாங்கும், இடது கையால் சுருட்டிக்கொள்ளலாம். டில்லி பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை நெடுக்கில் பிளந்து, அடுப்பில் காட்டி இளக்கி, கை வளைவுக்கு அமுக்கினார். உள்ளே வைத்து ஒட்ட ரப்பர் வேண்டும். தேன்மொழி தன் பழைய ஹவாய்ச் செருப்பை யோசிக்காமல் அறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வெறுங்காலோடு போகிறேன் என்றாள். இவர் கையை நீட்டிக் காட்ட, முன்கை நீளத்தையும் அவளே நூல் பிடித்து அளந்தாள்.

அந்தப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு வழக்கம் இருக்கிறது. யார் பிடிக்கப் போகிறாரோ அவர்தான் நூல் சுற்ற வேண்டும். "நான் சுத்திக் குட்த்தா அது என் கம்பு. நீங்க சுத்துனாத்தான் உங்கது" என்றார் டில்லி. இரண்டு மரக் கட்டைகளின் மேல் கம்பைக் கிடத்தி, நூலை ஒரு தடித்த பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்துக்குள் செருகினார். கம்பை உருட்டினால் நூல் புத்தகத்திலிருந்து இறுக்கமாக வந்து சுற்றிக்கொள்ளும். உருட்ட ஒரு கை போதும்.

இவர் இடது உள்ளங்கையால் உருட்டிப் பார்த்தார். உடனே குறை சொல்ல ஆரம்பித்தார். கட்டை மட்டமாக இல்லை, லேத்தில் கடைய வேண்டிய ஜாபை இப்படிக் கட்டினால் மேஸ்திரி செவுளில் விட்டிருப்பார், இந்தப் பக்கம் ஒரு அட்டை வை. டில்லி அட்டை வைத்தார். நூல் இன்னும் கொஞ்சம் தளர்வாகவே வந்தது. புத்தகத்துக்கு பாரம் போதவில்லை. நான் அம்மிக்குழவி கேட்கலாமா என்று பார்ப்பதற்குள், இவர் இடது கையால் வலது கையைத் தூக்கிக் கணக்குப் புத்தகத்தின் மேல் வைத்தார். கை அங்கேயே கனமாகக் கிடந்தது. நூல் இறுகி, ஒன்றையொன்று ஒட்டி, சீராக ஏறியது.

இரண்டு வருஷத்தில் அந்தக் கை செய்த முதல் வேலை. நான் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது இரண்டாவது வளையத்தில் இருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு டில்லியின் மனைவி காரக் குழம்பு வைத்திருந்தார். தூண்டில்காரர் வீட்டில் மீன் இல்லை, ஏனென்றால் ஞாயிறு முழுக்க எல்லோரும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்களாம்.

அடுத்த ஞாயிறு, காலை 9.15. ஆவடியிலிருந்து பூந்தமல்லி.

பசை காய்ந்து தூண்டில் தயாராக இருந்தது. என் பழைய பாவாடைத் துணியில் தைத்த உறைக்குள் போட்டுக்கொண்டோம். பூந்தமல்லி சுமார் பத்து கிலோமீட்டர். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். "உனக்கு ஓசி, எனக்கு மட்டும் காசா?" என்றார். அடுத்த ஜென்மத்தில் பொம்பளையாப் பொறங்க என்றேன். கண்டக்டர் சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தார். பூந்தமல்லியில் மெட்ரோ தூண்களுக்குக் கீழே வேறு பஸ் மாறி, நசரத்பேட்டை, திருமழிசை தாண்டிக் குத்தம்பாக்கம்.

புதுப் பஸ் நிலையத்தைத் தாண்டி உள்ளே நடந்தால் ஒருவர் மீன் வளர்க்கும் குளம். தூண்டில் ஒன்றுக்கு நூற்றைம்பது ரூபாய், சாயங்காலம் வரை போடலாம். டில்லி முன்னமே பைக்கில் வந்து காத்திருந்தார். பட்டையை இறுக்கி மாட்டிவிட்டார்.

முதல் வீச்சு பின்னால் இருந்த வேலிக்காத்தான் செடியில் மாட்டியது. இரண்டாவது காலடியில் விழுந்தது. மணிக்கட்டால் வீசிப் பழகியவர் இனி தோளால் வீச வேண்டும். நான்காவதோ ஐந்தாவதோ, தக்கை குளத்தின் நடுவில் போய் நின்றது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அது எப்படி, இது ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் கண் தண்ணீரை விட்டு நகரவில்லை. தக்கையைப் பார்த்த அந்த முகத்தை நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

பதினொன்றரை இருக்கும். தக்கை மூழ்கியது, கம்பு வளைந்தது. முழங்கை தாங்கியது. இடது கை சுருட்டியது. கரை ஓரம் வெள்ளி வயிறு புரண்டதைப் பார்த்து, "கட்லா அண்ணாத்தே, ரெண்டு கிலோ தேறும்" என்றார் டில்லி. தூக்குவதற்காக இவர் கையை மடக்கினார். குழாயின் ஓரம் முழங்கை மடிப்பில் நறுக்கென்று குத்தியது. கை தன்னால் நீண்டது, நரம்பு தளர்ந்தது, மீன் போயே போயிற்று.

போலாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் பட்டையைப் பல்லால் கழற்றினார். சிவந்திருந்த இடத்தைப் பார்த்தார். குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கைய நீட்டி வெச்சு அளவு எடுத்தா எப்டி நைனா? மீன் தூக்குறவன் கைய மடக்க மாட்டானா?"

"நீட்டுனது நீங்கதானே அண்ணாத்தே."

"சரி, நான்தான். அடுத்ததுல ரெண்டு விரக்கடை கம்மி பண்ணணும். ஓரத்த வழிச்சி விடணும். குழாயும் இன்னும் மெல்லிசா வேணும், நான் கொண்டாறேன்."

அடுத்ததாம். ஒரு மீனைக்கூட இன்னும் கரை சேர்க்காத மனுஷன் அடுத்த தூண்டிலுக்குப் போய்விட்டார். எனக்கு அப்போதுதான் என் கேள்விக்குப் பதில் புரிந்தது. கடையில் வாங்கியது சரியில்லை என்றால் கடைக்காரனைத் திட்டி மூலையில் போட்டுவிடுவோம். தானே கட்டியது சரியில்லை என்றால் இன்னொன்று கட்ட வேண்டியிருக்கிறது. ஆட்டோக்காரரும் டில்லியும் தேன்மொழியும் சொன்ன சின்னச் சின்னக் காரணங்கள் எல்லாம் ஆரம்பிக்கத்தான். அப்புறம் அவர்களை உட்காரவைப்பது இதுதான்.

குழாய் ஓரத்தில் என் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மறுபடி போட்டார். சாயங்காலத்துக்குள் இரண்டு ஜிலேபி மீன். உள்ளங்கை அகலம்தான், குழம்புக்குப் போதாது. அவற்றை டில்லியிடமே கொடுத்துவிட்டோம்.

மாலை 5.30. பூந்தமல்லி பஸ்.

ஜன்னலோரம் எனக்கு. எங்கள் பெரம்பூர்த் தெருவை விட இங்கே காற்று அதிகம், தூசியும் அதிகம். லாரிகள் வரிசையாக நின்றன, பஸ் ஊர்ந்தது. அவர் முன்கையில் விரல் வைத்து எதையோ அளந்துகொண்டிருந்தார். நசரத்பேட்டை வரும்போது சொன்னார்.

"அடுத்த வாரம் நீ வராத மல்லி."

"ஏன்?"

"பேசிக்கினே கீற. மீன் எங்க நிக்கும்? நான் காலைல போய்ட்டு வந்துர்றேன்."

காய்க் கடைக்குக்கூட நான் இல்லாமல் போகாத மனிதர். எனக்கு முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. அப்புறம் அவர் என்ன சொன்னார் என்பது உறைத்தது. சந்தோஷத்தில் வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"வர எவ்வளவு நேரமாகும்?" என்றேன்.

"மீன் புடிக்கப் போறவனக் கேக்குற கேள்வியா இது?" என்றார்.