வெள்ளையாய் விழுந்த இடம்

என்னோடு சேர்ந்து ஜெபிக்கிறவர்களே, இப்போதெல்லாம் வயிற்றில் இருக்கும்போதே பிள்ளையின் மூளை வளர்ந்திருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். 1962-இல் எங்களுக்கு அது ஏது? நர்ஸம்மாவின் இரண்டு கைகள்தான்.

நான் திருத்தங்கலில் டீச்சராக இருந்தேன். என் முதல் பிள்ளை மண்டை ஓடு இல்லாமல் பிறந்தது. புருவத்துக்கு மேலே ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் மூச்சுவிட்டது. பெயர் வைக்கக்கூட நேரமில்லை.

மறுபடி உண்டானேன். எட்டாம் மாதம், முதல் பிள்ளைக்கு இருந்ததுபோலவே வயிறு நிறையத் தண்ணீர். நர்ஸம்மா வெகுநேரம் தடவிப் பார்த்தார். "தலை கைக்குப் பிடிபடலையே டீச்சர். மதுரைக்குப் போயி எக்ஸ்ரே எடுத்துட்டு வந்துருங்க" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்குப் பாதி உயிர் அங்கேயே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை எடுத்தோம். திங்கட்கிழமை எங்கள் ஊருக்கு வரும் டாக்டரம்மாவிடம் காட்டச் சொல்லிப் படத்தை உறையில் போட்டுக் கொடுத்தார்கள். அதுவரை பொறுக்க யாரால் முடியும்? பஸ்ஸிலேயே என் வீட்டுக்காரர் அதை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவர் சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கும் அச்சாபீஸில் மிஷின்மேன். மயிரிழை அளவு மை விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுவார்.

"வட்டமா ஒரு இடம் வெள்ளையாக் கெடக்கு. தலை அங்கனதான் இருக்கணும். ஒண்ணுமே விழல" என்றார். கொஞ்சம் கழித்து, "முதுகும் விட்டுப்போச்சு" என்றார்.

அச்சாபீஸில் வெள்ளை என்றால் வெறும் தாள். அவர் கண்ணை நான் சந்தேகப்படவே இல்லை.

அந்த மூன்று நாளும் நான் மனுஷியாக இல்லை. தைத்து வைத்திருந்த சட்டைகளைப் பெட்டிக்கு அடியில் திணித்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தது, எழுந்திருக்கவில்லை. முதல் பிள்ளைக்கும் முழங்காலில் நின்றவள்தானே நான். கர்த்தர் மேல் எனக்கு அம்புட்டுக் கோபம். உள்ளே பிள்ளை உதைத்துக்கொண்டே இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. கடைசியில் சுவரைப் பார்த்துப் படுத்தபடியே கேட்டேன்: "ஆண்டவரே, இதன் தலைக்கு ஒரு மூடி போட்டுத் தாரும். இல்லாவிட்டால் என்னையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்." வேறு ஜெபம் வரவில்லை.

திங்கட்கிழமை டாக்டரம்மா படத்தைத் தூக்கிப் பார்த்தார். "எதுக்கும்மா அழுவுறீங்க?"

"தலை வெள்ளையா இருக்குன்னு இவுக சொன்னாக..."

"எக்ஸ்ரேயில எலும்புதாம்மா வெள்ளையா விழும். இந்தா, மண்டை முழுசா இருக்கு. பிள்ளை தலைமாத்தி இருக்கு, தலை மேல, கால் கீழ. தண்ணியும் சாஸ்தி. அதான் கைக்குப் பிடிபடல."

என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நான் கேட்ட மூடி, மூன்று நாளாக என் கட்டிலுக்கு அடியில் உறைக்குள் இருந்திருக்கிறது.

என் மகள் கால் முதலாக வந்தாள். நான் முதலில் முகத்தைப் பார்க்கவில்லை. தலையில் கை வைத்தேன். கெட்டியாக இருந்தது.

என் முதல் பிள்ளை ஏன் போனது என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து எதையும் நானாக வாசித்து முடிவு கட்டுவதில்லை. உங்கள் கையில் இருப்பதும் வெறும் வெள்ளையாகத் தெரிகிறதா? அழுதுகொண்டாவது, கோபத்தோடாவது கர்த்தரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவருக்கு வாசிக்கத் தெரியும்.