பாதிப் பொட்டோடு அடித்த இசைத்தட்டு

ஜெர்மனியின் பீலெஃபெல்டிலிருந்து அரைமணி நேர ஓட்டத்தில் ஓர் இசைத்தட்டுத் தொழிற்சாலை. ஓய்வு பெறும்வரை அங்கே பிரஸ் ஓட்டினேன். கறுப்பு பிளாஸ்டிக் உருண்டையைப் பணியாரம்போலச் சுடச்சுட எடுத்து, இரண்டு ஸ்டாம்பர் அச்சுகளுக்கு நடுவே வைக்க வேண்டும். மெஷின் அழுத்தும், தட்டு வரும். பாட்டெல்லாம் ஸ்டாம்பரில் இருக்கிறது. தூசி விழாமல் பார்ப்பது மட்டுமே என் கலை.

அந்தக் கலையில் நான் புகழ்பெற்ற கதை இது.

1. மேலிடத்து உத்தரவு

பிரித்தானிய ஹெவி மெட்டல் குழுவொன்று தன் புதிய ஆல்பத்தை எங்களிடம் தந்திருந்தது. மாதிரித் தட்டைப் பார்த்துக் கையெழுத்திடப் பாடகரே வருகிறார். அவருக்குப் பிடிக்காவிட்டால் முழு ஓடரும் வேறு தொழிற்சாலைக்குப் போய்விடும்.

அன்று பார்த்து ஆயுதபூசை. மனைவி சிவமலர் என் நெற்றியில் சந்தனம் பூசி, அதன்மேல் ஐம்பது சென்ட் காசளவில் குங்குமமும் வைத்தாள்.

"அழிச்சுப்போடாதேங்கோ. மெஷினுக்குப் பொட்டு வைக்க விடாங்கள் எண்டா, நீங்களாவது பொட்டோட நில்லுங்கோ."

எங்கள் பட்டறைத் தலைவர் உவே கண்டுவிட்டார். அவர் பேசியது ஜெர்மன்தான். ஆனால் என் காதில் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுவார்கள்.

"உதைத் துடைக்கேலாதோ?"

"ஏலாது. மேலிடத்து உத்தரவு."

ஒரு தொப்பியை என் தலையில் அமுக்கிவிட்டுப் போனார். பக்கத்து மெஷினில் நின்ற மன்னார்க்காரன் அன்ரன் சிரித்தான்.

"எங்களுக்கு நெத்தியில பூசுற சாம்பல் புதன் வருசத்தில ஒருக்காத்தான் அண்ணை. உங்களுக்கு ஒவ்வொரு நாளும் திருவிழா."

2. கண்ணாடி

பிரஸ்ஸின் வெக்கையில் தொப்பியைக் கழற்றி, உருண்டைக்கு மேலே குனிந்து ஸ்டாம்பரைப் பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன். வந்த தட்டில் விளிம்பிலிருந்து நடுவரை சிவப்புத் தெறிப்பு.

பாடகரும் உவேயும் எனக்குப் பின்னால் நின்றார்கள்.

"ஸ்டாம்பர் பிழை," என்றேன் நிபுணர்போல.

அன்ரன் காதருகே வந்தான். "அண்ணை, மெஷினை விட்டிட்டு உங்கட நெத்தியைப் பாருங்கோ. பாதியைக் காணேல்லை."

பாடகர் தட்டை வெளிச்சத்தில் பிடித்தார். அறுபது வயது, முழங்கால்வரை தோல் கோட். "ரத்தம்!" என்றார், பிறந்தநாள் பரிசு கிடைத்த பிள்ளைபோல. "எல்லாத் தட்டும் இப்பிடித்தான் வேணும்!"

போட்டுக் கேட்டோம். கித்தாருக்கு மேலே யாரோ கடுகு தாளித்தார்கள்.

"இந்த இரைச்சலோட ஒரு தட்டும் என்ர பட்டறையால வெளிய போகாது," என்றார் உவே.

"சிவப்பில்லாட்டிக் கையெழுத்தில்லை," என்றார் பாடகர்.

உவே என் பக்கம் திரும்பினார். "என்ன சாயம் அது? ஆர் சப்ளை?"

"என்ர மனுசி."

3. தலையாட்டம்

பழைய சிவப்புத் தட்டுகளை அரைத்த தூள் எங்களிடம் இருந்தது. அதே பிளாஸ்டிக் என்பதால் உருகிச் சேர்ந்துவிடும், கரகரக்காது. உவே அதைக் கரண்டியால் அளந்து தூவினார். தட்டுக்குச் சின்னமுத்து வந்ததுபோலப் புள்ளி புள்ளியாக இருந்தது. பாடகர் உதட்டைப் பிதுக்கினார்.

"இவர் முதல் தலையாலதானே செய்தவர்? தலையாலயே செய்யட்டும். எங்கட ரசிகர் ஆட்டுறமாதிரி ஆட்டச் சொல்லுங்கோ."

உவே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் முழு ஓடரும் இருந்தது. மிச்சமிருந்த சந்தனத்தைத் தண்ணீர் தொட்டு இளக்கி, அதில் சிவப்புத் தூளை அப்பிவிட்டான் அன்ரன். பாடகர் தொடையில் தாளம் தட்டினார். மூட்டுவலிக்கு மருந்து குடிக்கிற நான், சுடச்சுடக் கிடந்த உருண்டைக்கு மேலே தலையைச் சுழற்றினேன்.

"காணும் அண்ணை, நிப்பாட்டுங்கோ, கழுத்து கழரப்போகுது!"

தட்டு வந்தது. அசல் ரத்தத் தெறிப்பு. சத்தமும் சுத்தம். பாடகர் அங்கேயே கையெழுத்திட்டார்.

"மிச்சத் தட்டும் தலையாலயோ?" என்று கேட்டேன், அழாத குறையாக. அன்ரன் தன் தேத்தண்ணி வடிகட்டியைக் கொண்டுவந்து, சிவப்புத் தூளை அதில் போட்டு விளிம்பில் தட்டிக் காட்டினான். அதே தெறிப்பு. இதைக் கொஞ்சம் முன்னரே கொண்டுவந்திருக்கலாம். கேட்டால், "பாக்க ஆசையாக் கிடந்தது," என்றான்.

ஆல்பம் வெளிவந்தபோது பின்னட்டை நன்றிப் பட்டியலில் சிவமலரின் பெயர் இருந்தது. தலையைச் சுழற்றியவன் பெயர் இல்லை. மண்டையோடு போட்ட அந்த ஆல்பத்தின் அட்டை இப்போது எங்கள் சாமியறையில், சரஸ்வதிக்குப் பக்கத்தில்.

இளைய தொழிலாளருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மெஷின் பிழை என்று அறிக்கை விடுமுன் கண்ணாடியைப் பாருங்கள்.

அடுத்த ஆயுதபூசையன்று உவே என் மெஷினருகே வந்து தன் தொப்பியைக் கழற்றி, நெற்றியை நீட்டினார்.

"சின்னனா வையுங்கோ," என்றார்.