நாற்பத்தோராம் பக்கத்தில் இல்லாத வரி

ஸ்கூடாயில் என் வீட்டு ஹாலில் அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஓடும்போது தேங்காய் துருவும் மெஷின் மாதிரி சத்தம் வரும். மேசையில் கை வைத்தால் அதிரும். கறுப்புத் திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும்... நாற்பது நிமிஷம் கழித்து ஒரு பிடிஎஃப் வெளியே வரும்.

நூலகப் புத்தகங்களைப் பதிவு செய்யும் ஓர் இலவச மென்பொருளின் கையேடு அது. அந்த மென்பொருள், எங்கெங்கோ இருப்பவர்கள் சம்பளம் இல்லாமல் சேர்ந்து செய்தது. அதன் கையேட்டைத் தமிழுக்குக் கொண்டுவந்தது நாங்கள் இரண்டே பேர். யோங் பெங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் நூலகம் பார்த்துக்கொண்ட செல்வமேரி டீச்சர் எழுதுவார். ஃபேக்டரி ஸ்டோரில் வேலை செய்த நான் குறிகள் போடுவேன். இது தலைப்பு, இது படி, இது எச்சரிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் ஒரு குறி. அந்த ஒரே கோப்பை அச்சுக்கும் இணையத்துக்கும் மாற்றித் தர ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல் ஒன்றை எழுதினேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. “அண்ணனுக்கு டிகிரி இருக்கா?” என்று சிரித்தவர்களை இன்னும் மறக்கவில்லை.

ஒரு நாள் டீச்சர் போன் செய்தார்.

“அண்ணே, எல்லாம் போச்சு. மூணு வருஷமா ஏத்துன புத்தகம், ஒண்ணுகூட இல்ல.”

“பேக்கப் நகல் எடுத்துட்டுத்தானே பழைய பதிவு அழிக்கிற பட்டனை அமுக்குனீங்க?”

“எடுக்கச் சொல்லி எங்க இருக்கு?”

“அலமாக்! நீங்கதானே டீச்சர் எழுதிக் கொடுத்தீங்க?”

“எழுதுனேன்லா. அது போன வருஷம். எனக்கு ஞாபகம் இருக்குமா? நீங்க அடிச்சுக் கொடுத்ததைப் பாத்துத்தான் செஞ்சேன். நாப்பத்தோராம் பக்கம், நீங்களே பாருங்க.”

பார்த்தேன். இல்லை. எச்சரிக்கைக் குறியை என்ன செய்வது என்று என் ஸ்கிரிப்டுக்கு நான் சொல்லவே இல்லை. தெரியாததை அது சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. கையேடு முழுக்க ஓர் எச்சரிக்கைகூட இல்லை.

“மெஷின் எர்ரர் எதுவும் காட்டல டீச்சர்...”

“மெஷினை விடுங்கண்ணே. உங்களைத்தான் கேக்குறேன்.”

மன்னிப்பு என்ற ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. அன்று சாயங்காலமே ஸ்கிரிப்டைத் திருத்தினேன். எச்சரிக்கைகள் எல்லாம் தடித்த கட்டத்துக்குள் வந்து நின்றன. டீச்சருக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. பள்ளி விடுமுறை முழுக்க உட்கார்ந்து அவர் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

சில வருஷம் முன்பு மென்பொருள் குழு புதிய எளிய கோப்பு வடிவத்துக்கு மாறியது. எல்லா மொழிக் கையேடுகளையும் அவரவர் மாற்றித் தர வேண்டும், இல்லாவிட்டால் இணையத்திலிருந்து எடுத்துவிடுவோம் என்றார்கள். அந்த வடிவத்தில் எச்சரிக்கைக்குத் தனிக் குறி கிடையாது. தடித்த எழுத்தில் போட்டால் போதுமாம். நான்கு நீளக் கடிதம் எழுதினேன். “அதையெல்லாம் யாரும் கவனிப்பதில்லை, அங்கிள்” என்று மரியாதையாகத்தான் பதில் வந்தது.

நான் மாற்றித் தரவில்லை. காத்திருந்தார்கள்... எடுத்துவிட்டார்கள்.

போன மாதம் அவர்களுடைய இணையதளத்தில் போய்ப் பார்த்தேன். மொழிகள் பட்டியலில் மலாய் இருக்கிறது, சீனம் இருக்கிறது, தமிழ் இல்லை. நான் ஒரு வாரம் உட்கார்ந்து மாற்றியிருந்தால் இருந்திருக்கும். தெரியும். இன்று கேட்டாலும் அந்த வடிவத்துக்கு மாற்ற மாட்டேன். டீச்சரின் உழைப்பையும் சேர்த்து இரண்டாவது முறையாக நானே தொலைத்தேன் என்பதும் தெரியும்.

இப்போதெல்லாம் எதையும் எதுவாகவும் மாற்ற ஒரு நொடி போதும். சத்தமே வருவதில்லை. என் பழைய ஸ்கிரிப்ட் மட்டும் இந்தப் புதுக் கம்ப்யூட்டரில் ஓட மறுக்கிறது. கோப்பை அப்படியே திறந்து பார்த்தேன். குறிகளின் காட்டுக்குள், நான் போட்ட இரண்டு குறிகளுக்கு நடுவே, டீச்சரின் வரி ஓர் எழுத்து குறையாமல் இருக்கிறது...

‘முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அழிந்தால் திரும்ப வராது.’