டார்வினுக்குப் போன தாய்மாமன் சீர்

என் தங்கை ஆஸ்திரேலியாவின் வட முனையில், டார்வின் என்ற ஊரில் இருக்கிறாள். வெப்ப மண்டலம். அதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்னவாசல் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் வாத்தியாராக இருக்கிறேன்; கரும்பலகையில் ஆஸ்திரேலியாவைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். சின்ன வயதில் தங்கைக்கு அட்லஸைப் பிரித்து அந்தக் கண்டத்தைக் காட்டிக்கொடுத்தவனும் நான்தான். அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டு எனக்கே புத்தி சொல்லி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவாள் என்று தெரிந்திருந்தால், ஆப்பிரிக்காவோடு அட்லஸை மூடியிருப்பேன்.

நானும் என் மனைவியும் போக நினைத்தது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. தங்கை மகளுக்குக் காது குத்த வேண்டும். எங்கள் பக்கம் குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். அதற்கு முன்னால் தாய்மாமன் தெருமுனையிலிருந்து தாம்பாளங்களில் சீர் எடுத்து வந்து வாசலில் நிற்க வேண்டும். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ, வெல்லம், புதுத்துணி, தங்கத்தோடு எல்லாம் அதில் இருக்க வேண்டும். எங்கள் அப்பாவும் அம்மாவும் இல்லை. தங்கைக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான். எனக்காகவே குழந்தையின் ஒரு வயதைத் தள்ளினாள், மூன்றைத் தள்ளினாள், இப்போது ஐந்தும் முடியப் போகிறது.

தங்கையின் மாமியார் தஞ்சாவூர்க்காரர், டார்வினில் மகன் வீட்டோடு இருக்கிறார். "ஒன் அண்ணன் வருவாரா, இல்ல பேத்தியை மூளிக்காதோடயே கட்டிக் குடுக்கணுமா?" என்று கேட்டாராம். தங்கை இதைச் சிரித்துக்கொண்டேதான் போனில் சொன்னாள். சிரித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. அந்தக் கொஞ்ச நேரம்தான் என்னைப் பாஸ்போர்ட் எடுக்க வைத்தது.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் ஆலோசனைகள் வர ஆரம்பித்தன.

"மே மாசத்துலேருந்து செப்டம்பருக்குள்ள வாங்கண்ணே. அப்புறம் மழை. மழைக் காலத்துல மட்டும் வந்துறாதீங்க."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமா? நாங்கள் வானம் பார்த்த பூமிக்காரர்கள். மழை வருகிறது என்றால் வாசலுக்கு ஓடி வந்து பார்க்கிறவர்கள். இந்தப் பிள்ளை அதே மண்ணில் பிறந்துவிட்டு, என்னவோ கடன்காரன் வருவதுபோல மழையைச் சொல்கிறது. ஆனால் மே மாதம் பள்ளிக்கூட விடுமுறை, வைகாசியில் நல்ல நாளும் இருந்தது. சரி, பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது தண்ணீர். "கடல் பக்கத்துலதான் இருக்கு. பாக்க அப்புடி இருக்கும். ஆனா எறங்கக் கூடாது. ஜெல்லிமீனுன்னு ஒரு சொறிமீன் இருக்கு, பட்டுச்சுன்னா ஆளு காலி. ஆத்துலயும் எறங்கக் கூடாது, மொதலை. கரையில உக்காந்து காலும் நனைக்கக் கூடாது, அதுவும் மொதலைதான்."

"அப்பறம் அந்தத் தண்ணியை எதுக்குத்தான் வச்சிருக்காங்க?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. எங்கள் வெள்ளாற்றில் வருஷம் முழுக்க இறங்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். தண்ணீர்தான் இருக்காது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கடைசியாக ஒரு பதிவு வந்தது. "அண்ணே, தேங்கா, பழம், வெத்தலை, பூ, விதை, மண்ணு எதுவும் உள்ள விட மாட்டாங்க. தின்கிற பொருள் எது இருந்தாலும் மறைக்காம சொல்லிறணும். இல்லன்னா அபராதம். நீங்க ஒண்ணும் கொண்டாராதீங்க. சும்மா கைய வீசிக்கிட்டு வாங்க, அது போதும்."

அதற்குமேல் கேட்காமல் பதிவை நிறுத்தினேன். ஒரு தாய்மாமனைப் பார்த்து, கைய வீசிக்கிட்டு வா என்கிறாள்! பக்கத்துத் தெருவில் சாதாரணமாக ஒருத்தரைப் பார்க்கப் போனாலே பிஸ்கட் பாக்கெட்டாவது வாங்கிக்கொண்டு போகிற ஜாதி நாங்கள். காது குத்துக்கு, அதுவும் மாமியார் உட்கார்ந்திருக்கிற வீட்டுக்கு, வெறுங்கையோடு போய் நின்றால் அப்புறம் ஆயுசுக்கும் தங்கை அந்த வீட்டில் தலை நிமிர முடியுமா? வகுப்பு நிறைய பிள்ளைகளைச் சமாளிக்கிறவன், விமான நிலையத்தில் ஒரே ஒரு அதிகாரியைச் சமாளிக்க மாட்டேனா? எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்ளாத மனிதர் உண்டா? இப்படி எனக்கு நானே பேசி, எல்லாவற்றையும் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன்.

கட்டிக் கொடுக்க எதிர்வீட்டு பாய் வந்தார். மணமேல்குடிக்காரர், வளைகுடாவில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர், அட்டைப்பெட்டி கட்டுவதில் எங்கள் வட்டாரத்தில் அவரை அடிக்க ஆள் இல்லை. டேப் சுற்றினார். அதன்மேல் கோணியைப் போர்த்தித் தைத்தார். அதன்மேல் நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்து, முழங்காலை வைத்து அழுத்தி முடிச்சுப் போட்டார். நான்கு பக்கமும் மார்க்கர் பேனாவால் என் பெயரையும், 'ஆசிரியர்' என்பதையும் பெரிதாக எழுதினார்.

"சார், இந்தக் கட்டைப் பாத்தாலே போதும். எவனும் பிரிக்க மாட்டான். பிரிச்சா திருப்பிக் கட்டணும்ல, அந்தச் சோம்பேறித்தனம் எல்லா நாட்டு ஆபீசருக்கும் உண்டு."

இதை நான் நம்பினேன்.

திருச்சியில் ஏறி, சிங்கப்பூரில் மாறி, டார்வினில் இறங்கினோம். விமானத்தில் கொடுத்த படிவத்தில், பெட்டியில் தின்பண்டம் இருக்கிறதா, செடி கொடி இருக்கிறதா என்று கேட்டிருந்த எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்றே போட்டேன். வாத்தியார் பொய் சொல்லக் கூடாது. எங்களைத் தனி வரிசைக்கு அனுப்பினார்கள். கையுறை மாட்டிய ஒரு பெண் அதிகாரி. பாய் போட்ட கட்டைக் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்தார். பிறகு இடுப்பு உயரத்துக்கு ஒரு கத்தரியை எடுத்து வந்தார்.

கயிற்றை வெட்ட வெட்ட நான் ஆங்கிலத்தில் தாய்மாமன் சீரை விளக்கினேன். பிறந்த வீடு, புகுந்த வீடு, தாய்மாமன் மடி, எல்லாம். அந்தப் பெண் குறுக்கே பேசவே இல்லை. அருமையான உறவுமுறை, கேட்கவே அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தேங்காய்களைத் தொட்டியில் போட்டார். வாழைத்தாரின் சீப்புகள் போயின. வெற்றிலைக் கட்டு போயிற்று. பச்சை மஞ்சள் போயிற்று. மாலை போயிற்று. மன்னிக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். கடைசியில் என் மனைவியின் தலையைப் பார்த்து, மறுபடியும் மன்னிக்க வேண்டும் என்றார். திருச்சியில் வைத்த மல்லிகையும் போயிற்று.

குலசாமி கோயில் திருநீற்றுப் பொட்டலம் ஒன்று மிஞ்சியது. இது என்ன என்று கேட்டார். புனிதமான சாம்பல் என்றேன். எதன் சாம்பல் என்றார். அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் ஒரு கேள்விக்குப் பாதிப் பதிலோடு நிற்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. பசுவின் சாணத்தை உருட்டி, காயவைத்து, சுட்டு எடுப்பது என்று செய்முறையோடு சொன்னேன். அந்தக் கை அப்படியே நின்றது. இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டார். அவரும் வந்து கேட்டார். அவருக்கும் முழுதாகச் சொன்னேன். திருநீறும் போயிற்று.

"ஏங்க, கொஞ்சம் சும்மாத்தான் இருங்களேன்," என்றாள் மனைவி.

அபராதம் இல்லை, உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று வேறு சொன்னார்கள். துணி, தோடு, தாம்பாளங்கள், வெல்லம், கடையில் சீல் வைத்து வாங்கிய கந்தர்வக்கோட்டை முந்திரி, இவ்வளவும் தப்பின. காலித் தாம்பாளங்கள் ஒன்றோடொன்று இடிபட, வெட்டிய கயிறு தொங்கும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

தங்கை நின்றுகொண்டிருந்தாள். இத்தனை வருஷம் கழித்துப் பார்க்கிறேன், முகத்தைப் பார்க்க முடியவில்லை. "சொன்னேன்லண்ணே," என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "பிளைட்ல சாப்புட்டீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டில் மாமியார் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க தம்பி" என்ற கையோடு பார்வை பெட்டிக்குப் போயிற்று. "சீரு எல்லாம் நல்லபடியா வந்துருச்சா?"

"எல்லாம் இருக்கு அத்தை, ஞாயித்துக்கெழமை காலையில பாத்துக்கலாம்," என்றேன். அதிகாரியிடம் வராத பொய் அத்தையிடம் சரளமாக வந்தது. தங்கை சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, எங்கள் இருவரையும் தங்கை காரில் ஏற்றிக்கொண்டு போனாள். போனது ஒரு சந்தைக்கு. உள்ளே நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன். குவியல் குவியலாகத் தேங்காய். வெற்றிலை. பச்சை மஞ்சள். முருங்கைக்காய், பாகற்காய், கறிவேப்பிலை. கந்தர்வக்கோட்டை வாரச்சந்தையில்கூட இவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருக்க மாட்டார்கள்.

"ஊரே தேங்காயா இருக்கு, என் தேங்காய் உள்ள வந்தா என்ன கேடு வந்துரும்?" என்று கத்தினேன்.

"ஒங்க தேங்காயில இருக்குற பூச்சி இந்தத் தேங்காய்க்கு வந்துரும்ணே. அதைத்தான் அந்தப் பதிவுல சொன்னேன், நீங்க பாதியிலயே நிப்பாட்டிட்டீங்க." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டாள். "கத்தாதீங்கண்ணே. தட்டிப் பாத்து எடுங்க. தாய்மாமன் கையாலதான் எடுக்கணும்."

தன் வீட்டுக்கு வரவேண்டிய சீரை ஒரு பெண் தானே கடைகடையாகப் போய் வாங்குகிறாள். பக்கத்தில் பை தூக்கிக்கொண்டு அண்ணன் நடக்கிறான். சந்தையில் பழம் தீர்ந்து போயிருந்ததால் ஒரு பெரிய கடையில் வாழைப்பழம் வாங்கினோம். அந்த ஊர்க் கடைகளில் பழத்துக்குப் பழம் குட்டியாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறார்கள். காருக்குள் உட்கார்ந்து நகத்தால் சுரண்டி ஒவ்வொன்றாக எடுத்தோம். எல்லாவற்றையும் மாமியார் கண்ணில் படாமல் கார் டிக்கியில் வைத்துப் பூட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை டார்வின் தமிழ்க் குடும்பங்கள் வந்து வீடு நிறைந்துவிட்டது. காது குத்த ஆசாரி கிடையாது. கடைத்தெருவில் ஒரு பெண்ணிடம் பதினொரு மணிக்கு அப்பாயின்ட்மென்ட். அதற்குள் சீர் இறங்க வேண்டும். நானும் மனைவியும் பின்வாசல் வழியாக நழுவி, தங்கை முன்பே தெருமுனையில் கொண்டுபோய் நிறுத்தியிருந்த காரிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து, தாம்பாளங்களில் அடுக்கினோம். வேட்டியும் பட்டுச்சேலையுமாக, ஆளுக்கொரு தாம்பாளம் தூக்கிக்கொண்டு, மாப்பிள்ளையின் நண்பர்கள் சிலர் மற்றவற்றை ஏந்திப் பின்னால் வர, அந்த அகலமான தெருவில் நடந்தோம். புல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். சாவு என்று நினைத்தாரோ என்னவோ.

வாசலில் மாமியார் நின்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அத்தனை பேரும். தங்கை நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. முதல் தட்டு என்னுடையது, தேங்காயும் பழமும். மாமியார் இரண்டு கையாலும் வாங்கினார், தட்டைப் பார்த்தார், பார்வை அங்கேயே நின்றது. நானும் பார்த்தேன். சீப்பின் நடுவில் ஒரு பழத்தில், பளிச்சென்று நீல நிறத்தில், ஸ்டிக்கர்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். தெருவில் அப்படியே திரும்பி நடந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அத்தையின் கட்டைவிரல் மெதுவாக நகர்ந்தது. ஸ்டிக்கரைச் சுரண்டி, உருட்டி, இடுப்புச் சேலை மடிப்பில் செருகிக்கொண்டார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"என்ன எல்லாரும் வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? தட்டை வாங்குங்க. எம் மருமக பொறந்த வீட்டுச் சீரு, கடல் தாண்டி வந்துருக்கு. பழத்தைப் பாருங்க, ஊர்ப் பழம்னா அது தனிதான்."

தங்கை நிலைப்படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அதைப் பார்த்து என் மனைவி அழுதாள். எனக்கும் கண் கலங்கி வழிந்தது, துடைக்கக் கை காலியாக இல்லை. அடுத்த தட்டைக் கொடுத்துவிட்டார்கள். அத்தை மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார்.

பட்டுப்பாவாடை கட்டிய என் மருமகள் எங்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அப்புறம் ரொம்பப் பயந்துபோய் என் வேட்டியைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்:

"மாமா, எனக்குத்தானே காது குத்தப் போறீங்க, நீங்க எல்லாரும் ஏன் இப்பவே அழறீங்க?"