கேப்டன் ஆல்மா கட்சிக்காரி

முப்பது வருஷமாக விண்வெளியில் சுற்றுகிற ஒரு கூட்டத்துக்குச் சட்டையில் ஒரு பாக்கெட் வைக்கத் தெரியவில்லை என்பதுதான் ஜெயசித்ராவின் முதல் புகார். 'தூரவெளி' என்கிற அந்த ஆங்கிலத் தொடரில் வருகிறவர்கள் கிரகம் கிரகமாக இறங்குவார்கள், எட்டுக் கண் ராஜாக்களோடு ஒப்பந்தம் போடுவார்கள், நொறுங்கிப்போன எஞ்சினை வெறுங்கையால் ஒட்டவைப்பார்கள். ஆனால் மூக்கு ஒழுகினால் கைக்குட்டையை எங்கிருந்து எடுப்பார்கள்? இதை யோசிக்க அந்தக் கப்பலில் ஒரு நாதியும் இல்லை.

தென்காசியில் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடியறையில் பிளவுஸ் தைக்கிறவள் ஜெயசித்ரா. அளவு கொடுக்க வருகிற பெண்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது அவர்களால் தப்பி ஓட முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் அவள் ஆரம்பிப்பாள். நாலு கை உள்ள டாக்டர் ஒருவர் அந்தக் கப்பலில் உண்டு. "கீழ்க்கை ரெண்டையும் தூக்கினா சட்டை மேல ஏறணும்லா? ஏறவே இல்லையே. அப்ப அது பொம்மைக் கை. இத்தன வருஷமா ஊரை ஏமாத்துதான்" என்பாள். கல்யாணப் பெண் ஒருத்தி, பாவம், கழுத்து இறக்கம் எவ்வளவு என்று கேட்டதற்கு, முதல் கேப்டனின் காலர் ஏன் அவரை மூச்சுவிட முடியாமல் பண்ணியது என்று விளக்கம் கிடைத்தது. பிளவுஸ் அச்சாக அமைந்துவிடும் என்பதால் யாரும் கடை மாறுவதில்லை.

கீழே லைனிங் துணியும் ஊக்கும் விற்கிற சுல்தான் பீவி மட்டும் எதிர்க்கேள்வி கேட்பாள். அவள் அந்தத் தொடரை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. பத்து வருஷமாகத் தோழி வாயால் கேட்டே கதை முழுக்கத் தெரியும். "ஏ சித்ரா, அத்தன பெரிய கப்பல்ல ஒருத்தராவது துணி துவைச்சுக் காயப்போட்டு நீ பாத்திருக்கியா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். ஜெயசித்ராவுக்கு அன்று முழுக்கத் தையல் ஓடவில்லை. துணிக்கொடி இல்லாத கப்பலை அவளால் ஏற்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

இதெல்லாம் சில்லறைச் சண்டை. பெரிய சண்டை கேப்டன்களைப் பற்றியது. 'தூரவெளி'க்கு இதுவரை ஆறு கேப்டன்கள். அதில் கட்சி என்று பார்த்தால் இரண்டுதான்: டோரன் கட்சி, ஆல்மா கட்சி. டோரன், நரைத்த மீசைக்காரர், தலைமையகம் சொன்னால் சொன்னதுதான் என்று நிற்பவர். ஆல்மா ஒருநாள் தலைமையகத்தின் உத்தரவை மீறி, ஏதோ ஒரு பாழுங்கிரகத்தில் விட்டுவந்த சமையல்காரனை மீட்பதற்காகக் கப்பலையே திருப்பியவள். ஜெயசித்ரா ஆல்மா கட்சி. அவளுடைய அண்ணன் நம்பிராஜன் டோரன் கட்சி. பட்டாளத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு இப்போது மதுரையில் இருக்கிற மனுஷன் வேறு எந்தக் கட்சியில் இருப்பார்?

இரண்டு பேரும் கடையத்தில் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து, தமிழில் பேசவைத்த பழைய 'தூரவெளி'யைப் பார்த்து வளர்ந்தவர்கள். அப்புறம் அவர் எங்கே போஸ்டிங் போனாலும் சண்டை போனில் நடந்தது. "ஒரு ஆளுக்காகக் கப்பலத் திருப்பக்கூடாதுட்டி. நூறு பேரு உசுரு இருக்கு உள்ள" என்பார் அவர். "அந்த ஒருத்தன் நீயா இருந்தா?" என்பாள் இவள். "நானா இருந்தாலும் திருப்பக்கூடாது." இப்படியே வருஷக்கணக்கில் இழுத்தார்கள். இரண்டு பேருக்கும் அது இனித்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கீழப்பாவூரில் ஒரு சொந்தக்காரர் புதுவீட்டுப் பால்காய்ப்பில்தான் அது கசந்தது. பந்தி போடுவதற்கு முன்னால், வழக்கம்போல டோரனையும் ஆல்மாவையும் இழுத்துப்போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். "உனக்குப் பட்டாளத்தப் பத்தி என்னட்டி தெரியும்? பிளவுஸ் தைக்குத வேலயப் பாரு" என்று அவர் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். ஜெயசித்ராவுக்குச் சுருக்கென்றது. உடனே வாயில் வந்தது: "ஆமா, எனக்குத் தெரியாதுதான். ஆர்டரு, ஆர்டருன்னு உக்காந்து அம்மா முகத்தக்கூடப் பாக்காமப் போனவன்லா நீ!"

அம்மா இறந்தபோது அவர் அஸ்ஸாமில் இருந்தார். பதினாறாம் நாளுக்குத்தான் வந்தார். அதை அதுவரை வீட்டில் யாரும் வாயெடுத்துச் சொன்னதில்லை. நம்பிராஜன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார், செருப்பைப் போட்டார், சாப்பிடாமல் போய்விட்டார். அன்றோடு பேச்சு நின்றது. தொடரில் புதுப்புதுப் பகுதிகள் வந்தன, ஜெயசித்ராவும் பார்த்தாள், ஆனால் எதிர்க்கட்சி இல்லாத சட்டசபையில் பேசுவது அவளுக்குச் சப்பென்று இருந்தது. இதை அவள் யாரிடமும் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த நிலைமையில்தான் அறிவிப்பு வந்தது. 'தூரவெளி' முடிகிறது. கடைசிப் பகுதி ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் வருகிறது. வயதான ஆல்மா அதில் திரும்பி வருகிறாள்.

சந்தோஷப்படவேண்டிய ஜெயசித்ரா தலையில் கைவைத்தாள். ஆடி என்றால் குற்றாலத்தில் சீசன். சீசன் என்றால் தென்காசிக்காரர்களுக்குச் சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். சாத்தூர் சித்தி வருவாள், தூத்துக்குடி மச்சினன் வருவான், மச்சினனுடைய ஆபீசில் வேலை பார்க்கிறவனும் குடும்பத்தோடு வருவான். அருவியில் குளித்துவிட்டு வந்து அத்தனை ஈரத்துணியையும் ஜன்னல் கம்பியில், நாற்காலி முதுகில், ஃபேன் சுவிட்சுக்கு மேல் காயப்போடுவார்கள். போன வருஷம் ஒரு பெரியப்பா தன் லுங்கியை டிவி மேலேயே விரித்துவிட்டார். அதற்குக் கீழே ஒரு கிரகம் வெடித்தது. வெடித்த சத்தம் கேட்டது, கிரகம் தெரியவில்லை.

இவர்களில் யாரும் நேராக, "வரட்டுமா?" என்று கேட்க மாட்டார்கள். போன் போட்டு, "அருவில தண்ணி விழுதா?" என்பார்கள். "விழுது" என்று சொல்லிவிட்டால் சாயங்காலம் பையோடு வாசலில் நிற்பார்கள். ஆகவே விருந்தாளி வேண்டாத தென்காசிக்காரர்கள் அருவியை வாயாலேயே வற்றவைத்துவிடுவார்கள். இதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை, தற்காப்பு என்றுதான் நினைக்கிறார்கள்.

ஜெயசித்ராவும் வற்றவைத்தாள். அந்த வருஷம் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது, மெயின் அருவியில் குளிக்கிற இடத்து ஆர்ச் வளைவையும் தாண்டிக் கொட்டியது, போலீஸ் கயிறு கட்டிக் குளிக்கத் தடை போட்டிருந்தது. இவள் போனில், "எங்க சித்தி, பாறைதான் தெரியுது. குரங்கே தண்ணி குடிக்கக் கீழ எறங்கி வருது" என்றாள். செய்தியில் பார்த்தோமே என்று கேட்டவர்களுக்கு, "அது போன வருஷத்து வீடியோ" என்றாள். வேல்ராஜ், அவள் புருஷன், பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஏற்கிறாரா, வருந்துகிறாரா என்று கண்டுபிடிக்க முடியாத ஆட்டல் அது. சனிக்கிழமைக்கு வீடு காலி என்று உறுதியானதும் அவள் டிவியைத் துடைத்து, மகள் ஸ்வாதி கோயம்புத்தூரிலிருந்து அனுப்பிய பாஸ்வேர்டைப் போட்டு வைத்தாள்.

புதன்கிழமை கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல் முழங்கையால் தட்டி எடுத்தாள்.

"அருவில தண்ணி விழுதா?"

அண்ணன் குரல்! கத்தரிக்கோல் நின்றது. ஆனால் ஒரு வாரமாக ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் நிற்கவில்லை. "இல்லண்ணே, சொட்டுத் தண்ணி இல்ல. பாறைதான் தெரியுது."

"சரி" என்றார் அவர். வைத்துவிட்டார்.

ஜெயசித்ரா ஓடிக் கீழே இறங்கி சுல்தான் பீவியிடம் சொன்னாள். "எங்க அண்ணன் பேசிட்டான். தண்ணி விழுதான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னுட்டேன்."

சுல்தான் பீவி அளந்துகொண்டிருந்த துணியைக் கீழே போட்டாள். "கூறு இருக்கா உனக்கு? ரெண்டு வருஷமா பேசாத மனுஷன் அருவியப் பத்தி விசாரிக்கவா போன் போட்டாரு? கடைசிப் படத்த உன்கூட உக்காந்து பாக்க வாரேன்னுல்லா கேட்டிருக்காரு!"

ஜெயசித்ரா படி ஏறிப்போய்த் திருப்பிக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. கட் பண்ணினார். கடைசியில் அண்ணியைக் கூப்பிட்டாள்.

"உங்க அண்ணன் பை கட்டி வச்சிருந்தாவ சித்ரா" என்றாள் அண்ணி. "நீ தண்ணி இல்லன்னதும், சரி, அப்ப அடுத்த மாசம் போவோம்னுதான் சொன்னாவ. அந்த நேரம் பாத்து டிவில குற்றாலத்தக் காட்டுதான், வெள்ளம்னு. பையப் பிரிச்சு எல்லாத்தையும் பீரோல வச்சுட்டாவ. 'அவளுக்கு நான் வாரது பிடிக்கல'ன்னு ஒரே வார்த்த. பெறவு பேசவே இல்ல."

"மைனி, அது எல்லாருக்கும் சொன்ன பொய் மைனி. அவனுக்குச் சொன்னதில்ல."

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? உன் பேச்ச எடுத்தா எந்திச்சு வெளிய போயிருதாவ."

வியாழக்கிழமை முழுக்க ஜெயசித்ரா வெட்டிய துணியைத் தைக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் போனை எடுக்கமாட்டார். ஆனால் 'கடையம் சொந்தங்கள்' என்கிற குடும்பக் குரூப்பில் வருகிற ஒவ்வொன்றையும், யாரோ அனுப்புகிற காலை வணக்கம் ரோஜாப்பூ உட்பட, பார்த்துவிடுவார். அது அவளுக்குத் தெரியும். அந்தக் குரூப்பில்தான் சாத்தூர் சித்தியும், தூத்துக்குடி மச்சினனும், லுங்கிப் பெரியப்பாவும் இருக்கிறார்கள். ஒருத்தருக்குச் சொன்னால் அத்தனை பேருக்கும் சொன்னதாகும். வீடு நிறையும், டிவி மறையும், முப்பது வருஷம் காத்திருந்தது ஈரத்துணிக்குள் போய்விடும்.

சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு ஆட்டோ ஏறினாள். மெயின் அருவியில் போலீஸ் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள். தெறித்த தண்ணீரில் சேலை நனைந்தது, போன் நனைந்தது. வீடியோ எடுத்துக்கொண்டே அருவியின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேச வேண்டியிருந்தது. பக்கத்தில் மங்குஸ்தான் பழம் விற்றுக்கொண்டிருந்தவர் வியாபாரத்தை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்.

"எல்லாரும் பாருங்க. தண்ணி கொட்டுது. நான் சொன்னது அத்தனையும் பொய். தனியா உக்காந்து படம் பாக்கணும்னு சொன்ன பொய். எல்லாரும் வாங்க. சனிக்கிழம காலைல எங்க வீட்டுல சாப்பாடு. நம்பி அண்ணே, தண்ணி விழுது. கேக்கா? தண்ணி விழுது!"

குரூப்பில் அனுப்பிவிட்டாள். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சித்தி முப்பது கோபப் பொம்மைகள் அனுப்பியிருந்தாள். பெரியப்பா, 'குரங்கு சௌக்கியமா?' என்று கேட்டிருந்தார். நம்பிராஜன் பார்த்துவிட்டார் என்பதும் போனில் தெரிந்தது. பதில் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்தே வந்து இறங்கினார்கள். அதற்குள் வெள்ளம் தணிந்து குளிக்க விட்டுவிட்டதால், சனிக்கிழமை விடிந்தபோது வீட்டில் ஒரு ஜன்னலும் கண்ணுக்குத் தெரியவில்லை. வேல்ராஜ் கேரள பார்டர் கடைப் பரோட்டாவை மூட்டையாகத் தூக்கிவந்து போட்டார். டிவி மேல் மட்டும் யாரும் துணி போடக்கூடாது என்று ஜெயசித்ரா கத்தரிக்கோலோடு நின்று காவல் காத்தாள். கண் வாசலிலேயே இருந்தது. நேரமானதும் வேறு வழியில்லாமல் போட்டாள். பாட்டு ஓடியது. பக்கத்தில் ஒரு நாற்காலியை யாரையும் உட்காரவிடாமல் வைத்திருந்தாள்.

கப்பல் கிளம்பிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள். நம்பிராஜன், தலையில் ஈரத்துண்டு, கையில் பிழிந்த பனியன்.

"நேர அருவிக்குத்தான் போனேன்" என்றார் பொதுவாக. "இவ பேச்ச நம்ப முடியாது. தண்ணி விழுதான்னு நானே பாத்துட்டு வாரேன்."

பனியனைத் தலைக்கு மேல் போன கொடியில் போட்டுவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெயசித்ரா படத்தை முதலிலிருந்து போட்டாள். கூட்டம் சத்தம் போட்டது. அவள் காதில் வாங்கவில்லை.

வயதான ஆல்மா வந்தாள். நடந்து வந்து நின்று, சட்டையின் பக்கவாட்டில் கையை விட்டாள். கை உள்ளே போனது.

"பாக்கெட்டு!" என்று கத்தினாள் ஜெயசித்ரா. "அண்ணே, பாக்கெட்டு வச்சிட்டானுவ!"

"இப்பத்தான் புத்தி வந்திருக்கு" என்றார் நம்பிராஜன். சிரிப்பை அடக்கிக்கொண்டு கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "ஒரு ஆளக் கூப்பிட இத்தன பேரக் கூப்பிட்டிருக்க. பட்டாளமா இருந்தா உன்ன உள்ள தூக்கிப் போட்டிருப்பாங்க."

"போடட்டும். நான் ஆல்மா கட்சி."

பரோட்டா கேட்டுக் குழந்தைகள் அழுதன, சித்தி பக்கத்தில் இருப்பவளிடம் அந்தக் கிழவி யார் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். திரையில், கப்பலைத் திருப்பச் சொல்லி ஆல்மா உத்தரவு போட்டாள். பழைய சமையல்காரன் கிழவனாகி அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"அம்மா போனப்ப நான் லீவே கேக்கலட்டி" என்றார் நம்பிராஜன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கேட்டாக் குடுக்க மாட்டாவன்னு நானே நெனச்சுக்கிட்டேன். கேட்டிருக்கணும்."

ஜெயசித்ராவுக்குக் கண் மறைத்தது. துடைக்கக் கைக்கு எதுவும் அகப்படாமல், தலைக்கு மேல் தொங்கிய துணியை எட்டி இழுத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள். அது அண்ணனின் ஈரப் பனியன். முகம் முன்னைவிட அதிகமாக நனைந்தது.