விரலை மடக்கி ஒரு தட்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஆசிரியர்கள் எல்லோருக்கும் இது தெரிந்ததுதான், ஒளிக்க ஒன்றுமில்லை. டேப்லெட்டை வைத்து வகுப்பில் பாடம் நடத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. கொல்லிமலைக்கு என்னை அனுப்பியபோது நல்ல மார்கழிக் குளிர். பஸ் வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டி எடுத்து வாழவந்தி நாடு என்ற மலைக்கிராமத்தில் இறக்கிவிட்டது. யாரிடமும் நல்லபடியாகப் பேசும் நிலையில் நான் இல்லை.

மூன்று நாள் பயிற்சி. மூன்றாம் நாள் மாலைக்குள் ஒவ்வொருவரும் தாமே டேப்லெட்டில் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். காட்டியவரின் பள்ளிக்குப் பத்து டேப்லெட் கொண்ட பெட்டி அன்றைக்கே போகும். காட்டாதவரின் பெட்டி வேறு பள்ளிக்குப் போய்விடும். அந்த விதியை நான் போடவில்லை, ஆனால் கறாராகப் பிடித்துக்கொண்டவள் நான்தான்.

எடப்புளி நாட்டிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். பள்ளிக்கூட நேரம் போக மற்ற நேரமெல்லாம் சொந்தக் காட்டில் மரவள்ளியும் மிளகுமாக உழைப்பவர். இரண்டு நாளும் எல்லோரும் டேப்லெட்டைத் தொட்டுப் பழக, இவர் மட்டும் நான் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். கேட்டால், "எழுதிக்கிறேனுங்க டீச்சர், ஊட்டுக்குப் போயிப் படிச்சுக்கிறேனுங்க" என்பார். சரியான டிமிக்கிப் பேர்வழி என்று முடிவு கட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை அவர் முறை வந்தது. பாடத்தின் படத்தைத் தொட்டார். திறக்கவில்லை.

"அழுத்தாதீங்க சார், சும்மா தொடுங்க."

தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

"கொஞ்சம் அழுத்தித்தான் பாருங்களேன்."

அதற்கும் அசையவில்லை. நான் வெடுக்கென்று பிடுங்கி ஒரு தொடு தொட்டேன், திறந்துவிட்டது. "பாத்தீங்களா, கடிக்காது சார். ரெண்டு நாளா நோட்டோடயே குடும்பம் நடத்துனா இது எப்படி வரும்?" என்றேன். அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். டேப்லெட்டைத் துண்டால் துடைத்து மேஜைமேல் வைத்தார்.

"எனக்கு வராதுங்க டீச்சர். பொட்டிய வேற ஊருக்கே குடுத்துருங்க. இன்னிக்குக் கொண்டாரேன்னு புள்ளைங்ககிட்டச் சொல்லிப்போட்டேன். பஸ் நிக்கிற எடத்துக்கே வந்து நிப்பாங்க. அது ஒண்ணுதான் சங்கடமா இருக்குதுங்க."

"அப்ப எழுதிக் குடுத்துருங்க" என்றேன். வாய்க்கொழுப்புத்தான், வேறென்ன. அவரும் எழுதிக் கொடுத்தார். முத்து முத்தான கையெழுத்து. 'என்னால் இயலவில்லை' என்ற வரியை இரண்டு முறை படித்தேன். ஆனாலும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு டீ வந்தது. அவரே எனக்கும் ஒரு டம்ளர் எடுத்து வந்தார். "குடிங்க டீச்சர். காலையில இருந்து நீங்க ஒண்ணுமே சாப்பிடலீங்க." வாங்கினேன். அம்மாடி, நெருப்பு. பாதி டீயைச் சிந்திவிட்டு மேஜையில் வைத்தேன். அவரோ தன் டம்ளரை ஐந்து விரலாலும் பிடித்தபடி நிம்மதியாக நின்றிருந்தார்.

"உங்களுக்குச் சுடலையா சார்?"

"கை காச்சுப் போச்சுங்க. வெறகுக் கட்டையாட்டம் ஆயிருச்சு. ரேசன் கடை மிஷின்லயே எனக்கு ரேகை விழாதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. மண்ணிலும் குளிரிலும் காய்த்த அந்த விரலைத் திரைக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான் விஷயம். யாரும் பார்க்காதபோது இரண்டு நாளும் தொட்டுத் தொட்டுப் பார்த்திருப்பார் போல. "ஏன் சார் சொல்லல?" என்று கேட்டேன்.

"மிஷினு நம்மள மதிக்கலைன்னு எப்படீங்க வெளிய சொல்றது."

டேப்லெட்டை அவர் முன் மறுபடி வைத்தேன். ஈரத்துணியில் விரலை ஒற்றித் தொட்டபோது ஒருமுறை திறந்தது. விரல் காய்ந்ததும் மறுபடி மக்கர் பண்ணியது. சுண்டுவிரலும் உதவவில்லை. அலுத்துப்போய், வகுப்பில் பிள்ளைகளை அதட்ட வாத்தியார்கள் மேஜையைத் தட்டுவார்களே, அதே மாதிரி ஆட்காட்டி விரலை மடக்கி முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். "தொறந்துதான் தொலையேன் சாமி." திறந்துகொண்டது; முட்டியில்தான் காய்ப்பு இல்லையே. இன்னொரு தட்டு, பாடம் வந்தது.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. சமையலறையிலிருந்து ஒரு மரவள்ளிக் கிழங்கைக் கொண்டுவந்து, நான்காக வெட்டி, டேப்லெட்டிலேயே படம் பிடித்து, அதை வைத்துப் பின்னம் நடத்தினார். நான் கொண்டுபோன பாடம் அதற்கு உறை போடக் காணாது. காலையில் சிரித்தவர்கள் இப்போது நோட்டை எடுத்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். "அட, உடுங்க டீச்சர்" என்றார். அவர் எழுதித் தந்த தாளைக் கிழிக்கப் போனேன், தடுத்தார். "பின்பக்கம் வெத்தாத்தானே இருக்குது" என்று வாங்கி நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். சாயங்கால பஸ்ஸில் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு போனார்.

பங்குனியில், பயிற்சி எப்படிப் பயன்படுகிறது என்று பார்த்து எழுத அவர் பள்ளிக்குப் போனேன். வராந்தாவில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே டொக் டொக் என்று சத்தம். எட்டிப் பார்த்தால், டேப்லெட் வைத்திருந்த பத்துப் பிள்ளைகளும் விரலை மடக்கி முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்து, "விரல் நுனியால தொட்டாலே போதும் கண்ணு" என்றேன்.

"அப்படித் தொட்டா எங்க சாருக்குத் தொறக்காதுங்க."

"உனக்குத் தொறக்குமே?"

"தொறக்குமுங்க" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி முட்டியாலேயே தட்டினாள்.

"எத்தனவாட்டி சொல்லியும் கேக்க மாட்டேங்குறாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, சார் சுத்தமாக இருந்த கரும்பலகையைத் திரும்பி நின்று துடைக்க ஆரம்பித்தார்.

நான் என் டேப்லெட்டில் படிவத்தைத் திறந்தேன். 'மாணவர்கள் கருவியைச் சரியான முறையில் கையாளுகிறார்களா?' என்று கேட்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆட்காட்டி விரலை மடக்கி, 'ஆம்' என்ற கட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினேன்.